தூங்கிப் பார்த்து வாங்கிய ஹெட்போன்

அப்பாவு கடைக்காரன் வாய்ச்சொல்லை நம்பி எதையும் வாங்கிய ஆள் இல்லை. குடை வாங்கப் போனால் கடை வாசலிலேயே விரித்துப் பிடித்துக்கொண்டு, மேலே ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றச் சொல்வான். சைக்கிளுக்கு சீட் மாற்றப் போனால் அதில் அரை மணி நேரம் உட்கார்ந்து, டீயும் வரவழைத்துக் குடித்துவிட்டு, "ஒத்து வரல நைனா, வேற காட்டு" என்பான். அம்பத்தூர் ஓ.டி. கடைத்தெருவில் அவன் தலையைக் கண்டதும் பாதிக் கடைக்காரர்கள் முதுகைத் திருப்பிக்கொண்டு எதையாவது அடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். அயனம்பாக்கத்துக்குப் பெண் பார்க்கப் போன அன்று மட்டும் எந்தச் சோதனையும் வைக்காமல், பஜ்ஜித் தட்டு வருவதற்கு முன்பே தலையை ஆட்டிவிட்டு வந்தான்.

அந்தப் பெண்தான் கஸ்தூரி. அவளைப் பற்றிச் சொல்லாமல் அப்பாவுவைப் பற்றிச் சொல்ல முடியாது.

நான் சின்னசாமி. சேலம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். அப்பாவுவும் நானும் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரே கம்பெனியில், தகடு அடிக்கிற பவர் பிரஸ்ஸில், பக்கத்துப் பக்கத்து மெஷினில் வேலை பார்த்தோம். குடியிருந்ததும் பக்கத்துப் பக்கத்து அறையில்தான். ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஏழு வீடு. வீடு என்றால் ஒரே அறை. நடுச்சுவர் ஓடு வரைக்கும் போகாது, ஆள் உயரத்துக்கு மேலே பாதியில் நின்றுவிடும். வீட்டுக்காரர் பக்தவத்சலம் செங்கல்லில் மிச்சம் பிடித்த லட்சணம் அது. ஒரு வீட்டில் தும்மினால் ஏழு வீட்டிலிருந்தும் தீர்க்காயுசு சொல்வார்கள். எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. அதனால் அடுத்தவர் குடும்பச் சத்தமெல்லாம் கொஞ்சம் அதிகமாகவே காதில் விழும், கோபமும் கொஞ்சம் அதிகமாகவே வரும்.

அந்த வரிசையில் நைட் ஷிப்ட் வாரத்துக்கு என்று ஒரு முறை இருந்தது. யாரும் எழுதி வைத்ததில்லை, யாரும் மீறியதும் இல்லை. எந்த வீட்டு ஜன்னலில் ஈரச் சாக்கு தொங்குகிறதோ, அந்த வீட்டு ஆள் இரவெல்லாம் வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறான் என்று அர்த்தம். கதவுச் சங்கிலியில் கந்தல் துணி சுற்றிவிடுவார்கள். கிணற்றுக்குப் பித்தளைக் குடம் போகாது, பிளாஸ்டிக் வாளிதான் போகும். அம்மிக் கல்லும் அந்த வாரம் தெருப்பக்கம் இடம் மாறிவிடும். கீரைக்காரி குப்பம்மா தெருமுனை வரை கூவிக்கொண்டு வருவாள். எங்கள் வாசலில் வாயைத் திறக்காமல் விரலைச் சொடுக்குவாள். பெண்கள் எட்டிப் பார்த்துக் கையாலேயே பேரம் பேசுவார்கள்.

இதெல்லாம் பெரிய மனிதத்தனம் என்று நினைத்துவிட வேண்டாம். பயம்தான். வரிசையின் தெருக்கோடி அறையில் உத்தமன் இருந்தான். தங்கை பிள்ளைக்குக் காதுகுத்து என்று பகல் முழுக்க வீடு நிறைய ஜனம். கண்ணை மூடாமல் இரவு ஷிப்டுக்குப் போனவன், காலால் பெடலை மிதித்தபோது கையை எடுக்க மறந்துவிட்டான். வலது கையில் இரண்டு விரல் போயிற்று. கம்பெனி அவனை வாட்ச்மேனாக கேட்டில் உட்கார வைத்தது. அவன் வேட்டியை இடது கையால் இழுத்துக் கட்டிக்கொள்வதை ஏழு வீட்டுப் பெண்களும் தினம் பார்த்தார்கள். ஈரச் சாக்கைக் கண்டதும் ஏன் குரல் அடங்கியது என்று இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

கஸ்தூரிக்கு வருகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் அவள் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி கேண்டீனில் சமையல் கட்டில் இருந்தாள். அந்தக் கேண்டீனில் கிரிக்கெட் நேரத்தில் ரேடியோ வைப்பார்கள். பொங்கலை ஒட்டி சேப்பாக்கத்தில் டெஸ்ட் மேட்ச் நடந்தால் தமிழிலேயே வர்ணனை வரும். சாப்பிட வந்தவர்கள் கேட்டுவிட்டு எழுந்து போனார்கள். இவள் தேங்காய் துருவிக்கொண்டே நாள் முழுக்கக் கேட்டாள். ஒரு ஆட்டத்தைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. மைதானத்தை எப்படி நினைத்துக்கொண்டாள் என்று கேட்டதற்கு, "எங்க ஊரு ஏரி காஞ்சா எப்டி கீதோ, அப்டி" என்றாள். ஆனால் எந்தப் பந்தை அடிக்க வேண்டும், எதைத் தொடாமல் விட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். கல்யாணத்துக்குக் கேண்டீன்காரர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு டிரான்சிஸ்டர் வாங்கிக் கொடுத்தார்கள். அவள் கழுத்து நகையைக்கூட அவ்வளவு துடைத்து நான் பார்த்ததில்லை.

எனக்குக் கிரிக்கெட் பிடிக்காது. அன்றும் பிடிக்காது, இன்றும் பிடிக்காது. வெயிலில் ஐந்து நாள் நின்றுவிட்டு, ஜெயித்தது யாரும் இல்லை என்று வீட்டுக்குப் போகிற ஆட்டத்தை என்னவென்று சொல்வது?

கல்யாணமாகி வந்த முதல் பொங்கலுக்கு அப்பாவுவுக்குப் பகல் ஷிப்ட். பிரச்சினை இல்லை. அடுத்த பொங்கலுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தால், டெஸ்ட் மேட்ச் நடக்கிற நாட்கள் முழுக்க அவனுக்கும் எனக்கும் நைட் ஷிப்ட். கஸ்தூரி ரேடியோவைத் துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்துவிட்டாள். அதை எடுத்துக்கொண்டு எங்காவது போய்க் கேட்கலாமே என்றால், முற்றத்தைப் பார்த்தபடி எங்கள் ஜன்னல்கள்தான். தெருவில் உட்கார்ந்து ரேடியோ கேட்கிற பெண்ணை அந்தக் காலத்தில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். ரேடியோவோடு வந்த, காது ஓட்டையில் செருகுகிற சின்னக் குமிழை ஒருநாள் போட்டுப் பார்த்தாள். அதிலிருந்து கசிகிற கிறீச்சொலி, சந்தடி இல்லாத அறையில் கொசு சுற்றுகிற மாதிரி கேட்டது. அதையும் எடுத்து வைத்துவிட்டாள்.

"ரேடியோவ மேல வெச்சிட்ட?" என்று அப்பாவு கேட்டான்.

"தூசி அடையுது, அதான்."

சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருந்த எனக்கே அது பொய் என்று தெரிந்தது. அப்பாவுவுக்குத் தெரியாதா?

மறுநாள் காலை நைட் ஷிப்ட் முடிந்து வெளியே வந்ததும், "சின்னசாமி, மூர் மார்க்கெட் போவலாம் வா" என்றான். கண் எரிகிறது, படுக்க வேண்டும் என்றேன். "படுக்கறதுக்குத்தான் போறோம், வா" என்றான். அதற்கு அர்த்தம் அப்போது விளங்கவில்லை. வீட்டுக்கு ஓடிப் போய் ரேடியோவைப் பையில் போட்டுக்கொண்டு வந்தான். அம்பத்தூரில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினோம்.

மூர் மார்க்கெட்டில் கிடைக்காதது தாயும் தகப்பனும்தான் என்பார்கள். உள்ளே ஒரு பாய் கடை. யுத்த காலத்துச் சாமான், உடைந்த மீட்டர், டெலிபோன் உறுப்பு, திசைகாட்டி என்று குவித்து வைத்திருந்தார். ஹெட்போன் வேண்டும் என்றதும் ஒரு கொத்தையே ஆணியிலிருந்து எடுத்துப் போட்டார். அப்பாவு ரேடியோவை எடுத்து, பாய் வைத்திருந்த ஏதோ ஒரு ஒயரால் சேர்க்கச் சொல்லி, ஒன்றை எடுத்துப் பாய் தலையிலேயே மாட்டினான்.

பாய் திகைத்துப் போனார். "அரே, வாங்க வர்றவன் அவன் காதுல மாட்டிப் பாப்பான். நீ இன்னா நைனா என் காதுல மாட்ற?"

"கேக்கப் போறது நான் இல்ல பாய். என் ஊட்ல கேக்கும், நான் பக்கத்துல தூங்குவேன். தூங்கறவன்தான பாத்து வாங்கணும்?"

நான் அந்த இடத்தை விட்டுப் போய்விடலாமா என்று பார்த்தேன். ஆனால் பாய்க்கு அந்தப் பேச்சு பிடித்துப்போயிற்று. "இங்க சந்தக்கடை மாதிரி கீது, எப்டித் தூங்குவ?" என்று அவரே யோசித்து, பின்னால் பழைய புத்தகக் கட்டுகள் அடுக்கியிருந்த கிடங்குக்கு எங்களை அழைத்துப் போனார். கூரை வரை காகிதம். உள்ளே போனதும் வெளிச் சத்தம் எல்லாம் சுத்தமாக அடங்கிவிட்டது. அப்பாவு ஒரு கோணியை உதறிப் போட்டுக் காலை நீட்டிப் படுத்தான். பாய் ஒரு கைநீளத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் ரேடியோவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏதோ சினிமாப் பாட்டு போய்க்கொண்டிருந்தது.

முதலில் மாட்டியது கருப்பாகத் தட்டையாக இரண்டு வில்லை, நடுவில் எஃகுப் பட்டை. தந்தி ஆபீஸ் சாமானாம். வில்லையின் முதுகில் பொடிப்பொடியாக ஓட்டை. அப்பாவு கண்ணை மூடியபடியே, "பொம்பள பாடுது. பின்னாடி தபேலா" என்றான். பாட்டு பாதி காதுக்கும் பாதி ஊருக்கும் போயிற்று. அது வேண்டாம் என்று ஆனது.

அடுத்தது வேறு ஜாதி. கிண்ணம் போல ஆழம், முதுகை உலோக மூடி போட்டு அடைத்திருந்தார்கள். காதைச் சுற்றித் தடித்த ரப்பர் வளையம். டாங்கியில் உட்காருகிறவன் மாட்டியதோ, விமானத்தில் போகிறவன் மாட்டியதோ, பாய்க்கே தெரியாது. "வெளிச் சத்தம் உள்ள வராது, உள் சத்தம் வெளிய போவாது. அதான் இதோட வேல" என்றார். அப்பாவு கொஞ்ச நேரம் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தான். "பாட்டு கேக்கல. ஆனா இன்னாவோ ஒண்ணு நமநமன்னுது" என்றான். எடுத்துப் பார்த்தால் ரப்பரில் ஒரு வெடிப்பு இருந்தது. அதே ஜாதியில் வெடிப்பில்லாத ஒன்றைத் தேடி எடுத்து, வளையத்தை அமுக்கிப் பார்த்து, மோந்து பார்த்து, தன் கன்னத்தில் ஒரு நாழிகை வைத்திருந்து பார்த்துவிட்டுப் பாய்க்கு மாட்டினான். திரும்பப் படுத்தான்.

"இப்ப எப்பிடி?" என்று கேட்டேன்.

குனிந்து பார்த்தேன்.

"அப்பாவு, கேக்குதா இல்லையா?"

குறட்டை வந்தது. ராத்திரி முழுக்கத் தகடு அடித்தவன் அல்லவா! பாயைத் தொட்டு, ஆள் தூங்கிவிட்டான், கழற்றுங்கள் என்று சைகை செய்தேன். அவருக்குப் பாட்டு முடியவில்லை. தலையை ஆட்டிக் கண்ணை மூடிக்கொண்டு விட்டார். தூங்குகிறவன் ஒருத்தன், ரசிக்கிறவன் ஒருத்தன், நடுவில் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு நிற்கிற முட்டாள் நான் ஒருத்தன். மத்தியானம் வரை அப்படியே போயிற்று.

எழுந்ததும் அப்பாவு ஒரு வார்த்தைதான் சொன்னான். "இதக் குடு பாய்."

ஓ.டி. பஸ் ஸ்டாப் பக்கம் ரேடியோ ரிப்பேர் கடையில், எங்கள் ரேடியோ ஓட்டையில் நுழைகிற மாதிரி அதன் ஒயர் நுனிக்கு வேறு பிளக் மாட்டி வாங்கினோம். செருகினால் ரேடியோ வாயடைத்துவிடும், ஹெட்போன் மட்டும் பேசும். ஹெட்போன் கஸ்தூரி கைக்குப் போனது சுவருக்கு மேலே கேட்டது. "மாடு மாதிரி கனமா கீது" என்றாள். மூக்கை உறிஞ்சும் சத்தமும் வந்தது. எனக்கு எதற்கு அந்த வம்பு என்று திரும்பிப் படுத்தேன்.

மேட்ச் தொடங்கிற்று. நாங்கள் ஷிப்ட் முடிந்து வந்து, பழையது சாப்பிட்டுப் படுத்தோம். ஜன்னலில் ஈரச் சாக்கு தொங்கியது. கஸ்தூரி காதை அடைத்துக்கொண்டு, காய்கறியோடும் அரிவாள்மணையோடும் மூலையில் உட்கார்ந்தாள். உண்மையைச் சொல்ல வேண்டும்: அந்த ஹெட்போனிலிருந்து ஒரு பொட்டுச் சத்தம் வெளியே வரவில்லை. அப்பாவு வாங்கியது சொக்கத் தங்கம். எனக்குக் கண் சொருகியது.

"வுட்றா! வுட்றா! வெளிய போவுது அந்தப் பந்து!"

தூக்கிவாரிப் போட்டது. வீட்டில் திருடன் நுழைந்துவிட்டான் என்றே நினைத்தேன்.

"தொட்டுட்டான் பாவி! சொன்னா கேக்கறானா!"

கஸ்தூரிதான். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகமே இருண்டுவிட்டதாக நினைக்குமாம். இவள் காதை மூடிக்கொண்டு, உலகமே அடங்கிவிட்டதாக நினைத்துவிட்டாள். மனசுக்குள் முணுமுணுப்பதாக அவளுக்கு நினைப்பு; நிஜத்தில் சந்தையில் கருவாடு கூவுகிற குரல். அடைத்த ஹெட்போனில் தன் குரல் தனக்கே கேட்காது என்று எங்களில் யாருக்குத் தெரியும்? அப்பாவு மூர் மார்க்கெட்டில் எல்லாவற்றையும் சோதித்தான், வாயைச் சோதிக்கவில்லை. பாட்டை வாய் திறக்காமல் ரசிக்கிற பாயை உட்கார வைத்துப் பார்த்துவிட்டு, கஸ்தூரிக்கு வாங்கிவிட்டான். ஆனைக்கும் அடி சறுக்கும்.

வேடிக்கை என்னவென்றால், உணவு இடைவேளைக்கு வர்ணனை நின்றதும் அவள் ஹெட்போனைக் கழற்றுவாள். கழற்றியதும் பூ உதிர்கிற மாதிரி நடப்பாள். அடுப்படியில் கரண்டி இடித்தால்கூட "ச்சு" என்று தன்னையே கடிந்துகொள்வாள். புருஷன் தூக்கம் கெட்டுவிடக் கூடாது அல்லவா! இடைவேளை முடிந்து மாட்டியதும், "ஓடு! ஓடு! ரெண்டு கீது!"

சாயங்காலம் அப்பாவுவை வெளியே இழுத்துப் போய்க் கேட்டேன். "நீ தூங்கினியா?"

"எங்க தூங்கறது?"

"அப்ப சொல்லேன்யா அந்தப் பொண்ணுகிட்ட."

அவன் சிரித்தான். "சொன்னா கேக்கறதையே உட்டுடும். திரும்பப் பரண்மேல போயிடும். நீயும் சொல்லாத சின்னசாமி. என் மேல ஆணை." பிறகு, ரகசியம் சொல்கிறவன் மாதிரி, "அது அப்டிச் சிரிச்சி நான் பாத்ததில்ல" என்றான்.

அந்த வரிசையில் மற்றவர்களும் வாயைத் திறக்கவில்லை. அவர்களுக்கு ஸ்கோர் ஓசியில் கிடைத்தது. மாலை ஷிப்டுக்காரன் தேவராஜ் எங்கள் சுவருக்கு வெளியே பீடியோடு குந்திவிடுவான். மூன்றாம் வீட்டு ராஜம்மாகூட வாசல் பெருக்குகிற சாக்கில் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பெருக்கினாள். ஏழு வீட்டின் நைட் ஷிப்ட் முறையும் ஒரு ஆட்டத்துக்காகக் காற்றில் பறந்தது. நான் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, கிடைத்த வரைக்கும் தூங்கினேன். அப்பாவு பஞ்சு வைத்துக்கொள்ளவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, தூங்குகிறவனைப் போல மூச்சு விட்டுக்கொண்டு, அவள் சந்தோஷத்தைக் கேட்டுக்கொண்டே கிடந்தான்.

மூன்றாம் நாள் இரவு அதற்குப் பலன் தெரிந்தது. அடுத்த மெஷினில் நின்ற நான் ஏதோ உறுத்தித் திரும்பினேன். அப்பாவு கண் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். கை, தகடு வைக்கிற அச்சான டைக்குள் இருந்தது. கால் பெடல் மேல் இருந்தது. கையில் கிடைத்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி அவன் மூஞ்சியில் வீசினேன். திடுக்கிட்டுக் கையை இழுத்தான், அதே துள்ளலில் கால் அழுந்தியது, பிரஸ் இறங்கியது. வெறும் தகட்டைத்தான் கடித்தது. அவன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றான். ஆணையாவது மண்ணாவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

விடிந்தால் பொங்கல். மேட்சுக்கு அன்று ஓய்வு நாள். கம்பெனியும் அன்று பகலுக்கு மட்டும் லீவு விட்டிருந்தது. முற்றத்தில் ஏழு அடுப்பு வைத்து, ஏழு பானைக்கு மஞ்சள் கட்டிக்கொண்டிருந்தார்கள். சட்டையைக்கூடக் கழற்றாமல் நேராகக் கஸ்தூரியிடம் போனேன்.

"ஏம்மா கஸ்தூரி, உன் வீட்டுக்காரன் மூணு நாளா பொட்டுக் கண் மூடல. உன் சத்தம்தான். நீ போடற கூச்சல் ஏழு வீட்டுக்கும் கேக்குது. நேத்து ராத்திரி கை போயிருக்கும். நான் பாத்தேன்."

அவள் கையிலிருந்த மஞ்சள் கொத்து அப்படியே நின்றது. "என் சத்தமா? நான் வாயே தொறக்கலியே அண்ணாத்தே?"

ராஜம்மா தலையைக் குனிந்துகொண்டாள். தேவராஜ் மெல்ல நழுவினான். அதுவே அவளுக்குப் பதிலாக இருந்தது. முகம் செத்துப்போயிற்று. முற்றத்தின் கோடியில் உத்தமன் இடது கையால் கரும்புத் தோகையைச் சீவிக்கொண்டிருந்தான். அவள் ஒரு தடவை அங்கே பார்த்தாள். பிறகு எழுந்து உள்ளே போனாள். அப்பாவு அப்போதுதான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"ஏன்யா சொல்லல? நீ மனுசனா? ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னா?"

"இன்னா இப்போ..."

"இன்னா இப்போவா? கை போனா அந்த மேட்ச்சு வந்து சோறு ஊட்டுமா? இத்த மாட்டிகினா என் கொரல் எனுக்கே கேக்கலய்யா. நீயே மாட்டிப் பாரு. மாட்டிகினு பேசிப் பாரு!" என்று ஹெட்போனை எடுத்து அவன் தலையில் அமுக்கினாள். ஒயர் ரேடியோவில் செருகாமல் தரையில் தொங்கியது. "இப்போ பேசு! கேக்குதா உனுக்கு? கேக்குதான்னு கேக்கறேன்!"

அவனுக்குக் கேட்கவில்லை. அவள் வாய் அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் விடவில்லை. பெண் பார்க்க வந்த நாளிலிருந்து ஆரம்பித்து, அவன் கமுக்கத்தனத்தை எல்லாம் வரிசையாக எடுத்துப் போட்டாள். நான் நிலைப்படியில் நின்றுகொண்டு, உள்ளே போவதா திரும்பிப் போவதா என்று தெரியாமல் விழித்தேன். அவள் பாதி திட்டும்போதே அப்பாவுவின் தலை மெதுவாகத் தோளுக்குச் சாய்ந்தது. வாய் திறந்துகொண்டது.

கஸ்தூரி திட்டுவதை நிறுத்தினாள். குனிந்து பார்த்தாள். "தூங்கிட்டாரா இன்னா?"

தூங்கித்தான் போயிருந்தான். சந்தேகப்பட்டு ஒரு சொம்பைத் தரையில் போட்டுப் பார்த்தாள். அசையவில்லை. அதற்குள் முற்றத்தில் முதல் பானை பொங்கிவிட்டது. வரிசையில் இருந்த குழந்தைகள் எல்லாம் தட்டையும் தாம்பாளத்தையும் அடித்துக்கொண்டு "பொங்கலோ பொங்கல்" என்று கூப்பாடு போட்டன. இரண்டாவது பொங்கியது, மூன்றாவது பொங்கியது, பெரியவர்களும் சேர்ந்து கத்தினார்கள். பக்தவத்சலம் வீட்டில் சங்கு வேறு ஊதினார்கள். அத்தனைக்கும் அப்பாவுவின் குறட்டை பிசகவில்லை. அவன் வீட்டுப் பானையும் பொங்கி வழிந்தது; அதைக் கவனிக்க ஆள் இல்லாமல் ராஜம்மா ஓடி வந்து அரிசி போட்டாள். கஸ்தூரி அவனைப் பாயில் சரித்துப் படுக்க வைத்து, ஒயரைச் சுருட்டி அவன் சட்டைப் பையில் வைத்தாள். அப்புறம்தான் அழுதாள்.

ஹெட்போன் யார் காதில் இருக்க வேண்டும் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்கு விளங்கியது. கேட்கிறவள் காதில் அல்ல, தூங்குகிறவன் காதில். மூர் மார்க்கெட்டில் பாய் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார், வெளிச் சத்தம் உள்ளே வராது என்று. நாங்கள் இருவரும் பின்பாதியை மட்டும் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறோம்.

அடுத்த இரண்டு நாளும் அப்பாவு வேலை முடிந்து வந்து, சாப்பிட்டு, அந்த ராட்சசக் கிண்ணங்களை மாட்டிக்கொண்டு மல்லாந்து படுத்தால் மத்தியானம் வரை கட்டைதான். பொங்கலன்றே ரேடியோவை மறுபடி பரண்மேல் ஏற்றிவிட்ட கஸ்தூரி, முதலில் அதை எடுக்க மாட்டேன் என்றாள். அப்பாவுதான் எடுத்து அவள் மடியில் வைத்தான். அவள் அதை மெல்லிசாக வைத்துக் காதோடு அணைத்துக்கொண்டாள். தன் குரல் தனக்குக் கேட்டதால் பாதிக் கத்தலைத் தானே விழுங்கினாள். மீதிப் பாதிக்காக உத்தமன் எனக்குத் தன் அறைச் சாவியைக் கொடுத்துவிட்டு கம்பெனி கேட்டுக்குப் போனான். தெருக்கோடி அறை, வரிசையிலேயே தூரமான இடம் அதுதான். நான் அங்கே நன்றாகத் தூங்கினேன்.

கடைசி நாள் மத்தியானம் எழுந்து திரும்பி வந்தால், அப்பாவு வீட்டு வாசலில் கூட்டம். தேவராஜ் ஷிப்டுக்குக் கிளம்பாமல் நின்றான். ராஜம்மா துடைப்பத்தைப் போட்டுவிட்டு வெளிப்படையாகவே உட்கார்ந்துவிட்டாள். குப்பம்மா கீரைக் கூடையை இறக்கி வைத்திருந்தாள். எதிராளிக்கு ஒரே ஒரு விக்கெட்தான் பாக்கி என்றார்கள். எனக்கென்ன வந்தது என்று உள்ளே போகப் பார்த்தேன், கால் போகவில்லை.

"புட்சிட்டான்! புட்சிட்டான்! நாம ஜெய்ச்சிட்டோம்!"

கஸ்தூரி எழுந்து நின்றுவிட்டாள். வாசலில் ஒரே ஆரவாரம். தேவராஜ் என்னைக் கட்டிப் பிடித்தான், நானும் விடவில்லை. கஸ்தூரியின் முகத்தை நான் அன்று பார்த்தேன். அப்பாவு எதற்காக மூன்று நாள் தூங்காமல் கிடந்தான் என்று கேட்டால், அந்த முகத்துக்காகத்தான்.

அவள் எங்களில் யாரையும் பார்க்கவில்லை. திரும்பிப் பாயில் கிடந்தவனைப் பார்த்தாள். ஜெயித்த சேதியை அவள் சொல்ல வேண்டிய ஆள் அங்கேதான் வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். பக்கத்தில் போய் மண்டியிட்டாள். ஹெட்போனின் ஒரு பக்கத்தைத் தூக்கக் கை நீட்டினாள். ரப்பர் வளையத்தில் விரல் பட்டது. அன்று இரவும் அவனுக்கு ஷிப்ட் இருந்தது.

கையை இழுத்துக்கொண்டாள். வளையத்தின் ஓரம் கோத்திருந்த வேர்வையை முந்தானையால் ஒற்றினாள். பிறகு எழுந்து நிலைப்படிக்கு வந்து, கத்திக்கொண்டிருந்த எங்களைப் பார்த்து விரலை உதட்டில் வைத்தாள்.

"மெதுவா பேசுங்க. தூங்கறாரு."

காதுதான் அடைத்துக் கிடக்கிறதே, அவனுக்கு என்ன கேட்கப் போகிறது என்று சொல்ல எனக்கு வாய் வரை வந்தது. நாங்கள் எல்லாரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தெருப்பக்கம் போய், அங்கே நின்று கத்தினோம்.